நிற்காமல் வந்த மாப்பிள்ளை

ஒரு மெக்கானிக் வேலை செய்வதைச் செத்த நேரம் பக்கத்தில் நின்று பார்த்த ஆண்பிள்ளை எவனும், அந்த வேலை தனக்கும் தெரியும் என்று நம்பிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். சமையலை ஆயுள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் இந்த நம்பிக்கை வராது. எஞ்சினைப் பார்த்தால் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. அதனால் என் பெண்டாட்டியைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவர நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

யுத்தம் வருவதற்குக் கொஞ்ச வருஷம் முந்தி. ராஜபாளையத்தில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தேன். அந்தக் கடைக்குக் கார் தேவையே இல்லை. ஆனால் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர், பெயர் செண்பகம். அப்பா ரிட்டயரான போலீஸ் ஏட்டய்யா. அவர் வீட்டு வாசலில் மாட்டு வண்டியில் போய் இறங்கினால் நன்றாயிருக்குமா? (நன்றாகத்தான் இருந்திருக்கும். அது இப்போது தெரிகிறது.)

நான் வாங்கிய காருக்கு நான் நாலாவது எஜமான். முதலில் ஒரு எஸ்டேட் துரை, அப்புறம் ஒரு டாக்டர், அப்புறம் தேவதானம் பக்கத்தில் ஒரு பண்ணையார். பண்ணையார் அதில் ஆள் ஏற்றினாரா வைக்கோல் ஏற்றினாரா என்று சொல்ல முடியாது; பின் ஸீட்டுக்கு அடியில் இரண்டுக்கும் தடயம் இருந்தது. மைல் காட்டும் மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி முதலில் இருந்து எண்ணத் தொடங்கி, பாதியில் அலுத்துப்போய் நின்றிருந்தது. எஞ்சினைத் திறந்து துடைத்துச் சரிபண்ண வேண்டிய காலம் டாக்டர் கையில் இருக்கும்போதே வந்துவிட்டதாம். டாக்டர் செய்யவில்லை. பண்ணையாருக்கு அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பதே தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் கல்யாண வேலை இருந்தது.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி மகளை அழைத்துப்போக மாமனாரும் மாமியாரும் வந்தார்கள்.

"பஸ்ஸுல போயிக்கிடுதோம் மாப்ளே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் மாமனார்.

"நம்ம வண்டி நிக்கும்போது பஸ் எதுக்கு மாமா?" என்றேன்.

நம்ம வண்டி நிற்கத்தான் செய்தது, பாதி வழியில். இரண்டு பக்கமும் பருத்திக் காடு, நடுவில் கப்பி ரோடு, உச்சி வெயில். எஞ்சினைக் கிளப்புகிற ஹேண்டிலை முன்னால் செருகிச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். தள்ளினால் ஓடும் என்றேன். தள்ளும்போது ஸ்டியரிங்கை ஒருவர் பிடிக்க வேண்டும் அல்லவா? வண்டி ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். கல்யாணப் பட்டுச் சேலையில் செண்பகமும், சரிகை வேட்டியில் மாமனாரும், வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு மாமியாரும் தள்ளினார்கள்.

எதிரே சோழபுரத்து வண்டிக்காரன் ஒருவன் மாட்டை நிறுத்தி வேடிக்கை பார்த்தான். பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "ஏலே, புதுப்பொண்ணைத் தள்ளவிட்டுட்டு மாப்பிள்ளை துரை கணக்கா உக்காந்திருக்காரு பாரு!"

அவன் இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வழியாக வண்டி ஓடி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் செண்பகம் முகத்தைக் கழுவினாள், ஒரு செம்பு மோர் குடித்தாள், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஆடி முடிஞ்சதும் என்னைக் கூப்பிட வருவிய, இல்லையா?"

"பின்னே? வராம?"

"வாங்க. இந்த வண்டியிலேயே வாங்க. யாரும் தள்ளாம இது எங்க வீட்டு வாசலுக்கு என்னைக்கு வருதோ, அன்னைக்கு நான் வாரேன். அது வரைக்கும் நீங்க பஸ்ஸுல வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆவணி வந்தது. பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். புரட்டாசி வந்தது. பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மாமியார் கை மணம் உசத்திதான். ஆனாலும் புதுசாய்க் கல்யாணமான ஒருவன் சாம்பாருக்காக மட்டும் பஸ் ஏறினால் ஊர் சிரிக்காதா? பஸ் கண்டக்டரே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்: "என்ன அண்ணாச்சி, தங்கச்சி இன்னும் வரலியா? உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

எங்கள் அம்மாவும் விடவில்லை. "போயி ஒரு வார்த்தை கெஞ்சிக் கூட்டிட்டு வாயேன்டா. பஸ்ஸுலதான் ஊரே வருது போகுது."

"முடியாது. வந்தா அவ என் வண்டியிலதான் வரணும்."

இரண்டு பேரும் பிடிவாதம். நடுவில் அந்த வண்டி கொட்டிலில் கோழி அடைந்து கிடந்தது.

கடைசியில் ஊரில் இருந்த ஒரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே நாலைந்து பஸ்கள் வயிற்றைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றன. மேஸ்திரி என் வண்டியின் சத்தத்தைக் கேட்டார், புகையைப் பார்த்தார், "விட்டுட்டுப் போங்க, தைப்பொங்கல் கழிச்சுப் பாப்போம்" என்றார். ஆனால் அவர் ஒரு பஸ் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்ததை நான் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டேன். முதல் பாராவில் சொன்ன வியாதி அங்கேதான் தொற்றியது.

எனக்குக் கைகொடுக்க வந்தவன் வெங்கிடு. பக்கத்து வீடு. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அரிசி மில்லில் ஆயில் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். "எஞ்சின்னா எல்லாம் ஒண்ணுதான்டா. பெருசு, சிறுசு, அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றான். அதை நான் நம்பினேன்.

இப்போது ஒரு அதிசயத்தைச் சொல்கிறேன். நாங்கள் அந்த வேலையை நன்றாகவே செய்தோம்.

எஞ்சின் தலையைக் கழற்றினோம். உள்ளே அடுப்படிப் புகைக்கூண்டு மாதிரி கரி அப்பியிருந்தது. அம்மாவின் பழைய தோசைத் திருப்பியால் சுரண்டினோம். ஒரு சட்டி நிறையச் சேர்ந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் வச்சுக்கிட்டா அது ஓடுச்சு? நீயா இருந்தா படுத்திருப்பே" என்றாள். வால்வுகளை மாவு அரைக்கிற மாதிரி உட்கார்ந்து தேய்த்தோம். நாலு பிளக்குகளையும் பெட்ரோலில் குளிப்பாட்டினோம். பிளாட்டினம் என்று ஒன்று உண்டு. கடுகளவு இரண்டு முனைகள், தொட்டுத் தொட்டு விலகும். அவை விலகுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பிளக்கில் நெருப்புப் பொறி தெறிக்கும். அந்தப் பொறிதான் எஞ்சினுக்கு உயிர். அந்த முனைகளை உப்புத் தாளால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணிகூட மிச்சமாகவில்லை. (வெங்கிடு மில்லில் எப்போதும் இரண்டு மூன்று மிச்சமாகுமாம்.)

சாயங்காலம் ஹேண்டிலைப் போட்டேன். அரைச் சுற்று. ஒரே அரைச் சுற்று! தையல் மிஷின் மாதிரி ஓடியது. புகை இல்லை, இருமல் இல்லை. வெங்கிடு என்னைக் கட்டிப்பிடித்தான். நான் காரைக் கட்டிப்பிடித்தேன். உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன்: விஜயதசமி அன்று காலையில் வருகிறேன், செண்பகத்தைப் பெட்டியோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மறுநாள் ஆயுத பூஜை. கடைத் தராசு, படி, சுத்தியல், ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். காருக்கு மாலை போட்டோம். முன் கண்ணாடியில் மூன்று விரலால் பட்டை இழுத்துப் பொட்டு வைத்தோம். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"ஏன்டா, வெளித்தகரத்துக்குத்தானா பொட்டு? ஓடுறது உள்ள இருக்கிற சாமான்தானே?"

"எங்க மில்லுல ஒவ்வொரு பாகத்துக்கும் வைப்போம். ஒண்ணை விட்டாலும் அது கோவிச்சுக்கும்" என்றான் வெங்கிடு.

எனக்குப் பட்டது, நியாயம்தானே? இத்தனை நாள் மதிக்காமல் போட்டு வைத்த எஞ்சின் இன்றைக்கு மனசு வைத்து ஓடுகிறது. அதற்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? பானெட்டைத் திறந்தேன். பிளக்குகளைக் கழற்றினேன். வெங்கிடு அவற்றின் பீங்கான் முதுகில் பொட்டு வைக்கப் போனான். நான் தடுத்தேன்.

"பொறி வர்ற முனைதான்டா அதுக்கு முகம். முகத்துல வைக்காம பிடரியிலயா பொட்டு வைப்பாக?"

நாலு பிளக்குக்கும் முகத்தில் தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அப்புறம் மூடியைத் திறந்து அந்தப் பிளாட்டினத்துக்கு. கடுகளவு இடம், என் ஆள்காட்டி விரலுக்கு எட்டவில்லை. வெற்றிலைக் காம்பைச் சந்தனத்தில் தொட்டு, நாலைந்து தடவை முயன்று, இரண்டு முனைக்கும் நடுவில் அழகாக வைத்தேன். வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கற்பூரம் காட்டினோம். மனசு நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் பொட்டோடு பூட்டினோம். பூஜை அன்று ஆயுதத்தை எடுக்கக்கூடாது என்பதால் வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை.

விஜயதசமி காலை. புது வேட்டி, புதுச் சட்டை, அங்கவஸ்திரம். அக்கம்பக்கத்தார் வழியனுப்ப நின்றார்கள். ஹேண்டிலைப் போட்டு அரைச் சுற்று சுற்றினேன். ஒன்றுமில்லை. ஒரு சுற்று. ஒன்றுமில்லை. வெங்கிடு வந்து சுற்றினான். ஹேண்டில் திருப்பி உதைத்தது. "ஒரேய்!" என்று அலறிக்கொண்டு கையை உதறினான்.

"முந்தாநேத்து அம்புட்டு அழகா ஓடுச்சே" என்றாள் அம்மா. "கண்ணு பட்டிருக்கு." ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சுற்றி நசுக்கினாள். பானெட்டுக்கு இன்னும் கொஞ்சம் குங்குமம் வைத்தாள்.

சுற்றிச் சுற்றி வெயில் ஏறிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்டியோடு அவள் காத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் பஸ்ஸில் போய் இறங்கினால் அப்புறம் எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது? சாகும் மட்டும் அந்த வீட்டில் சாம்பார் சாப்பிடுகிறவன் என்றே பெயர் நிலைத்துவிடும்.

"தள்ளுவோம்" என்றேன்.

"தள்ளக்கூடாதுன்னுதானடா அந்தப் பிள்ளை சொல்லிச்சு?" என்றாள் அம்மா.

"அது அவ வீட்டு வாசலுக்குச் சொன்னது. இது ராஜபாளையம்."

தெருவே கூடித் தள்ளியது. தெருக்கோடியில் சரிவு முடிகிற இடத்தில் வண்டிக்குள் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இன்னொரு சத்தம். அப்புறம் குலுங்கிக்கொண்டு, விக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. வெங்கிடு கூடவே ஓடிவந்து தொற்றிக்கொண்டான். வழியெல்லாம் டமார், டமார். மாடுகள் மிரண்டு வயலில் இறங்கின. இதில் ஒரு விசேஷம், பின்னால் போன புகையில் சந்தன வாசனை வந்தது. மடவார்வளாகம் கோயில் பக்கம் ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

சீக்கிரமே ஒரு உண்மை விளங்கியது. வேகமாய்ப் போனால் வண்டி ஓடுகிறது. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை லேசாக எடுத்தால் உயிர் போகப் பார்க்கிறது. நிறுத்தினால் செத்துவிடும். செத்தால் திரும்பத் தள்ள வேண்டும். அவள் வீட்டு வாசலில், அவள் கண் முன்னால்.

"எப்படிடா நிறுத்தப் போறே?" என்றான் வெங்கிடு.

"நிறுத்தப் போறதில்ல."

மாமனார் வீடு ரத வீதியில். வாசலில் மாக்கோலம். மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டு, பழைய பழக்கத்தில் விறைப்பாக நின்றிருந்தார். நான் கையை ஆட்டிக்கொண்டே அவர்களைக் கடந்து போனேன்.

"மாப்ளே! வீடு இது!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ரத வீதிக்கு ஒரு சௌகரியம், கோயிலைச் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். சுற்றி வந்தேன். இப்போது வீதியே வாசலுக்கு வந்திருந்தது.

"மாப்ளே, நிறுத்துங்க!"

"நிறுத்த முடியாது மாமா! செண்பகத்தை ஏறச் சொல்லுங்க! மெதுவாப் போறேன், ஏறிக்கிடட்டும்!"

"ஓடுற வண்டியில எப்படி ஏறுவா? அவ என்ன திருடனா?"

மாமியார் ஆரத்தித் தட்டோடு நாலடி கூடவே ஓடிவந்தார். வழக்கமாக மாப்பிள்ளை நிற்பான், ஆரத்தி சுற்றும். அன்றைக்கு ஆரத்தி நின்றது, மாப்பிள்ளை சுற்றினான்.

மூன்றாவது சுற்றில் மாமனார் நடு வீதியில் நின்றார். வலது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினார். வாயில் பழைய போலீஸ் விசில். அந்த விசிலைக் கேட்டதும் என் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. வண்டி வீட்டு வாசலில், கோலத்தின் நட்டநடுவில், கடைசியாக ஒரு டமாருடன் உயிரை விட்டது.

வீதியே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் தோற்றேன் என்று அர்த்தம்.

செண்பகம் படியிறங்கி வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "இது என்ன, கோயில் வாசனை வருது?"

"நேத்து பூஜை. எஞ்சினுக்கெல்லாம் பொட்டு வச்சோம்" என்றேன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எங்கே, காட்டுங்க."

இறங்கி பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றினேன். குலுக்கலில் உதிர்ந்தது போக, பிளாட்டினம் இன்னும் பாதி சந்தனத்துக்குள் புதைந்திருந்தது. அது என்ன செய்யும் என்று கேட்டாள். தொட்டுத் தொட்டு விலகும், அப்போதுதான் பிளக்கில் பொறி வரும் என்றேன்.

"தொட வேண்டிய ரெண்டுக்கும் நடுவுல நீங்க சந்தனத்தை வச்சிருக்கியளே, எப்படித் தொடும்? கண்ணுல சந்தனத்தை அப்பிட்டுப் பாரு பாருன்னா யாரு பாப்பா?"

நான் வெங்கிடுவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நேனு செப்பலேதா?" என்றான் வெங்கிடு. அவன் சொல்லவே இல்லை. அவன்தான் கற்பூரம் காட்டினான்.

செண்பகம் உள்ளே போய் ஒரு பழைய வேட்டித் துணி கொண்டுவந்தாள். என் புதுச் சட்டை முழங்கை வரை கறுக்க, பிளாட்டினத்தையும் நாலு பிளக்குகளையும் துடைத்தேன். ஹேண்டிலைப் போட்டேன். அரைச் சுற்று. தையல் மிஷின்.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாட்சி விசாரிக்கிற குரல் வந்துவிட்டது. "செண்பகம், உள்ளதைச் சொல்லு. வண்டி நம்ம வாசலுக்கு வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"யாராச்சும் தள்ளுனாகளா?"

"இங்க யாரும் தள்ளலை." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு தரம் வந்தாப் போதும்னுதான் நான் சொன்னேன். அவிய மூணு தரம் வந்துட்டாக. இனிமே நான் வரலைன்னா நல்லாயிருக்காது."

பெட்டி வாசல் கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.

திரும்பும்போது வெங்கிடு பின் ஸீட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். வண்டி அலுங்காமல் குலுங்காமல் போனது. மேற்கே மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. செண்பகம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொறவு கேட்டாள்: "ராஜபாளையத்துல கிளம்பும்போது யாரு யாரு தள்ளுனாக?"

"தெருவே" என்றேன்.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "இன்னைக்கும் நீங்க வரலைன்னா நாளைக்கு நானே பஸ் ஏறியிருப்பேன்" என்றாள்.

இதை அவள் ஆவணியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் அந்த எஞ்சினை நான் தொட்டிருக்கவே மாட்டேன் என்பதும் நிஜம்.

அந்த வண்டி அதற்கப்புறம் யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போகிற வரைக்கும் ஓடியது. இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் ரத வீதியில் நான் எதில் போய் இறங்கினாலும், நடந்தே போனாலும்கூட, மாமியார் வாசலுக்கு வந்து, சேலையை இழுத்து மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பார்:

"வாங்க மாப்ளே. உள்ள வாரியளா, இல்ல இன்னும் சுத்து பாக்கி இருக்கா?"